நல்ல மூடியைக் கேட்ட பிட்டர்

கெட்டுப்போனது என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவர் உடனே வாங்க மாட்டார். கொண்டுபோனவரின் மற்றக் கையைப் பார்ப்பார். அதில் ஒன்றும் இருக்காது.

"நல்லது எங்க?" என்பார்.

"நல்லது நல்லாத்தானே இருக்கு, அதை எதுக்குக் கொண்டாரணும்?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர் அரத்தை எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுவார். நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்துவந்து கெட்டதன் பக்கத்தில் வைத்தால்தான் நெற்றியில் கிடக்கும் கண்ணாடி மூக்குக்கு இறங்கும்.

அவருக்குப் பெயர் இருந்தது. எங்கள் பட்டறையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அச்சு செய்வதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை, அதனால் முதலாளிக்கு அவர் பிட்டர். மற்றவர்களுக்குப் பிட்டர் அண்ணன். எனக்கு அவரைவிட ஏழெட்டு வயது கூடுதல், அதனால் நான் "பிட்டரே" என்பேன். அவர் என்னை "எக்கா" என்பார். குளச்சல்காரர். தினமும் பஸ் மாறி, மலைப்பக்கம் குலசேகரத்துக்கு வருவார். ஒல்லியான ஆள், காக்கிச் சட்டை, எந்நேரமும் எண்ணெய் பட்ட விரல்கள். கட்டைவிரல் நகத்தை மட்டும் கொஞ்சம் நீளமாக வளர்த்து வைத்திருப்பார். மூடியின் மேல் அந்த நகத்தை ஓட்டிப் பார்ப்பதற்காக.

பட்டறை ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தது. வாசனைத் தைலக் குப்பிகளுக்குப் பித்தளை மூடி செய்தோம். பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி, அச்சில் வைத்துப் பிரஸ்ஸால் அழுத்தினால் முதலில் சிறிய கிண்ணி மாதிரி வரும். அதை அடுப்பில் சுட்டு இளக்கி, திராவகத்தில் கழுவி, சோப்புத் தண்ணீரில் முக்கி, இன்னும் சிறிய அச்சில் அழுத்துவார்கள். அது நீளும். மூன்றாவது அழுத்தில் விரல் நீள மூடியாகிவிடும். கடைசி அழுத்துக்குப் பிறகு அடுப்பு கிடையாது. இழுத்த இழுப்பில் விறைத்துப்போய் நிற்கும். அப்படியே பெட்டியில் ஏறிக் கொச்சிக்குப் போகும், அங்கிருந்து கல்ஃபுக்கு.

ரோசம்மாவும் நானும் செக்கிங். மூடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, கோடு, குழி, கீறல் எல்லாம் பார்த்து, நல்லதைப் பெட்டியில் அடுக்கவேண்டும். பெட்டியின் மேல் அவரவர் நம்பர் சீட்டை ஒட்டவேண்டும். எனக்கு நாலாம் நம்பர். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் நான். அந்த நாலை மட்டும் அழகாக எழுதுவேன்.

ஒருமுறை மூடிகளில் மெல்லிய கோடு விழத் தொடங்கியது. பிரஸ்ஸும் அடுப்பும் பார்க்கிற தங்கப்பன், தகடு சரியில்லை என்றான். முதலாளி, அச்சு தேய்ந்துவிட்டது என்றார். பிட்டர் காலையில் அடித்த நல்ல மூடிகளில் பத்தையும் மதியம் அடித்த கோடு விழுந்த மூடிகளில் பத்தையும் ஒரு பலகையில் எதிரெதிராக நிறுத்தினார். கல்யாண வீட்டில் இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்த மாதிரி இருந்தது.

"தங்கப்பா, பாத்தியா? கோடு ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு எடத்துல கெடக்கு. அச்சுல ஏதாவது ஒட்டியிருந்தா எல்லாத்துலயும் ஒரே எடத்துலயாக்கும் விழும். இது நடமாடுத கோடு."

"கோடு நடமாடுமா அண்ணே?"

"கொண்டுவாற ஆளு நடமாடும்."

மறுநாள் காலையிலிருந்து வாசலுக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துப் பல்லைக் கடித்தார். பதினோரு மணிக்கு முற்றம் தூத்துகிற அம்மாள் வந்து விளக்குமாற்றை வீசினாள். செம்மண் புழுதி ஜன்னல் வழியாக உள்ளே போய், திறந்து கிடந்த சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கியது. பிட்டர் எழுந்துவிட்டார்.

"முத்தம் தூத்தது ஒரு குத்தமா பிள்ளே?" என்று அந்த அம்மாள் சண்டைக்கு வந்தாள்.

"தூத்தது குத்தமில்ல. தொட்டிக்கு மூடி இல்லாததாக்கும் குத்தம். ஊருக்கெல்லாம் மூடி செய்யிதோம், நமக்கு ஒரு மூடி இல்ல, பாத்தேளா" என்றார்.

யார் செய்தது என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. நல்லது எங்கே இருந்தது, கெட்டது எங்கே இருந்தது, இது எந்நேரம், அது எந்நேரம், அவ்வளவுதான் கேட்பார். ஆனால் அப்படிக் கேட்கும்போதே செய்தவருக்கு வேர்த்துவிடும். இன்னொரு தடவை மூடிகளின் தோல் ஆரஞ்சுத் தொலி மாதிரிச் சொரசொரப்பாக வந்தது. வழவழப்பான மூடி ஒன்றையும் சொரசொரப்பான மூடி ஒன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தங்கப்பனிடம் போனார்.

"ரெண்டும் ஒரே தகடு. இது அடுப்புல எவ்வளவு நேரம் கெடந்துது, அது எவ்வளவு நேரம்?"

"ரெண்டும் ஒரே நேரந்தான் அண்ணே."

"எனக்ககிட்டச் சொல்லு, நான் நம்புவேன். இதுகிட்டச் சொன்னா இது நம்பாது" என்று உள்ளங்கையைக் காட்டினார்.

தங்கப்பன் தலையைச் சொறிந்தான். "மச்சான் துபாயில இருந்து வந்திருந்தான். கேட்டுல நின்னு ரெண்டு வார்த்தை பேசினேன்."

"எத்தனை சிகரெட்டு நேரம்?"

"மூணு."

"அந்த மூணு சிகரெட்டுதான் இந்தத் தொலி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுப்பில் கூடுதல் நேரம் கிடந்தால் தகட்டுக்கு உள்ளே இருக்கிற மணிகள் பெருத்துப்போகும், பிறகு இழுக்கும்போது அவை தோலில் எழும்பும் என்று பிறகு எங்களுக்குச் சொன்னார். அந்த மச்சானைப் பற்றி முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தப் பழக்கம் பட்டறையோடு நிற்காததால்தான் சில நேரம் எரிச்சல் வரும். ரோசம்மா மருமகளைப் பற்றி மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். பாதி கேட்டுவிட்டு, "போன கிறிஸ்மஸுக்கு நல்லா இருந்தீங்களே, அப்பம் யாரு யாரு வீட்டுல இருந்தா?" என்று கேட்டார். ரோசம்மா விரல்விட்டு எண்ணினாள். அப்போது ரோசம்மாவின் தங்கச்சி வந்து தங்கவில்லை. அதை அவளே கண்டுபிடித்ததும் இன்னும் கோபம் வந்துவிட்டது. "இந்த மனுசன்கிட்ட ஒரு குத்தம் நிம்மதியாச் சொல்ல முடியல்ல" என்றாள்.

என் வீட்டுக்காரர் ரப்பர் வெட்டுகிறவர். ஆனி மழையில் சரிவில் படிபோல் வெட்டிய, பாசி பிடித்த தட்டில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு ஒடிந்து மாதக்கணக்கில் படுத்திருந்தார். பிட்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழமும் ரொட்டியுமாகப் பார்க்க வந்தார். கட்டிலின் பக்கத்தில் நின்று, "அண்ணே, ஒடியாத காலை ஒண்ணு அனக்குங்க பாப்போம்" என்றார். என் வீட்டுக்காரர் ஆட்டிக் காட்டினார். "கொள்ளாம், நல்லாருக்கு" என்று பிட்டர் தலையாட்டிவிட்டு, இன்னும் எத்தனை நாளில் இந்தக் கால் அந்தக் காலைப் பிடிக்கும் என்று ஒரு கணக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

"ஏட்டி, இந்த ஆளு எனக்க ஒடிஞ்ச காலைப் பாக்க வந்தாரா, ஒடியாத காலைப் பாக்க வந்தாரா?" என்று என் வீட்டுக்காரர் அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். படுத்த பிறகு அவர் சிரித்த முதல் நாள் அது.

அந்த மழைக்காலத்தில்தான் எனக்கு வந்த கேடும் வந்தது.

ரோசம்மா மகள் கல்யாணத்துக்காக மூன்று வாரம் லீவு போட்டிருந்தாள். செக்கிங் முழுக்க என் தலையில். நான் நாலு மணிக்குப் போய் வீட்டுக்காரரைத் திருப்பிப் படுக்கவைத்துத் துடைத்துவிடவேண்டும். முதலாளி அதற்குச் சம்மதித்திருந்தார், ஆனால் வேலை மிச்சம் கிடந்தால் அவர் முகம் மாறும். எனக்கு யாரிடமும் வாய் திறந்து சொல்லத் தெரியாது. அதனால் ஒரு தப்பு செய்தேன். மிச்ச மூடிகளை ஒரு துணிப்பையில் கட்டி, சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். விடிந்ததும் அடுக்களை வாசலில் உட்கார்ந்து பார்த்து முடித்து, எட்டு மணிக்குப் பட்டறைக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடுவேன். ஒரு மூடிகூடக் குறைந்ததில்லை.

ஆனால் பித்தளை எதுவும் கேட்டைத் தாண்டக்கூடாது என்பது அங்கே சட்டம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் வெட்டுத்துண்டு ஒரு பிடியை மடியில் கட்டிக்கொண்டு போய்ப் பிடிபட்டாள். வேலை போனது பெரிதில்லை. சந்தையில் அவளைப் பார்த்தாலே 'பித்தளை' என்று கூப்பிட்டார்கள். அவள் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

நான் அப்படிக் கொண்டுபோய்க் கொண்டிருந்தபோது ஒரு நாள் கேட்டில் புது வாட்ச்மேனைப் போட்டார்கள். அவன் உள்ளே வருகிறவர்கள் பையையும் பார்த்தான், போகிறவர்கள் பையையும் பார்த்தான். முந்தைய நாள் கொண்டுபோன பையோடு வந்த நான் தூரத்திலேயே அவனைப் பார்த்துத் திரும்பிவிட்டேன், அந்தப் பை மூடி வீட்டிலேயே மாட்டிக்கொண்டது. திருப்பிக் கொண்டுவர வழியில்லை. பழைய முண்டில் சுற்றித் துணிப்பெட்டிக்குள் வைத்தேன். தினமும் வேலைக்குப் போகும்போது அந்தப் பெட்டியைப் பார்க்காமல் போகப் பழகினேன்.

மழை விடாமல் பெய்தது. கோதையாற்றில் வெள்ளம் வந்து திற்பரப்பு அருவியில் குளிக்க விடவில்லை என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். பட்டறைக் கூரை ஒழுகியதால் முதலாளி கட்டிவைத்த பெட்டிகளையெல்லாம் பக்கத்துப் பால் ஷெட்டுக்கு மாற்றச் சொன்னார். அதுவும் அவருடையதுதான். ரப்பர்ப் பாலை வாங்கிப் பேரலில் நிறைத்து விற்பது அவருக்குப் பரம்பரைத் தொழில். ஷெட்டுக்குக் கூரை நன்றாக இருந்தது.

பத்துப் பதினைந்து நாளில் கொச்சியிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. மூடிகள் வாயிலிருந்து கீழே நெடுக வெடித்திருந்தன. ஷெட்டில் மிச்சம் இருந்த பெட்டிகளைத் திறந்தால் அங்கேயும் அதே வெடிப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மூடி, யாரும் தொடாமல், 'டிக்' என்றது. தங்கப்பன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான்.

முதலாளி ஒவ்வொரு பெட்டியாகச் சீட்டைப் பார்த்தார். "நாலாம் நம்பர். நாலாம் நம்பர். இதுவும் நாலாம் நம்பர்." பிறகு என்னைப் பார்த்தார். "எம்மா, கண்ணு தெரியல்லேன்னா சொல்லணும் இல்லியா? இத்தனை வெடிப்பு, ஒண்ணுகூடவா கண்ணுல படல்ல?"

நான் பார்க்கும்போது வெடிப்பு இல்லை. நகத்தில் தட்டுகிற அளவுக்குக்கூட இல்லை. அதைச் சொன்னேன். ஆனால் பக்கத்தில் நின்ற ரோசம்மாவுக்கு மட்டும்தான் கேட்டது. அவள் கல்யாணம் முடிந்து அன்றுதான் வந்திருந்தாள். "அவ பாக்கும்போ இல்லியாம்" என்று உரக்கச் சொன்னாள்.

"அப்பம் பெட்டிக்குள்ள தானா வெடிச்சுதா? நான் என்ன பைத்தியமா? சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். இதுக்கு ஒரு காரணம் தெரியல்லேன்னா நீ திங்கக்கிழமை வரண்டாம்."

முதலாளி ஒரு மூடியைப் பிட்டரிடம் நீட்டினார். பிட்டர் அதை வாங்கக் கை நீட்டாமல், "நல்லது எங்க?" என்றார்.

"நல்லது இருந்தா நான் எதுக்கு ஓய் கெடந்து கத்துதேன்?"

"அதே தகடு, அதே நாள் அடிச்சதுல ஒண்ணாவது வேணும். பழசு ஆகாது."

ஒன்றும் இல்லை. அந்த இரண்டு வாரத்தில் அடித்தது முழுக்க ஷெட்டில்தான் இருந்தது, முழுக்க வெடித்திருந்தது. இரண்டு நாள் பிட்டர் ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்துத் தேடினார். அச்சைக் கழற்றிப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். அடுப்பில் எத்தனை நேரம் என்று கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் ஒன்றும் செய்யாமல் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பலகையில் வெடித்த மூடிகள் ஒரு வரிசை. எதிர்வரிசையில் யாரும் இல்லை.

நான் என் இடத்திலிருந்து அந்தக் காலியான வரிசையைப் பார்த்தேன். அவர் தேடுகிறது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதே நாள் அடித்தது, அதே தகடு. துணிப்பெட்டியில் முண்டுக்குள். அதைக் கொண்டுவந்தால் கண் தெரியாதவள் என்ற பேர் போகலாம். வேறு பேர் வரும்.

அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை. எல்லாம் தங்கம் மாதிரி மின்னியது. எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏட்டி, குருடின்னாலும் வேலை போவும், கள்ளின்னாலும் வேலை போவும். எதுன்னாலும் எனக்குக் கஞ்சி நீதான் வைக்கணும். கொண்டு போ. அந்த மனுசன் மூணு நாளா ஒடியாத காலுக்கு அலையுதாரு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. வாட்ச்மேன் பையைத் திறந்தான், மூடிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பிட்டருக்கு" என்றேன். எங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது என்று தெரியவில்லை. அவன் விட்டுவிட்டான்.

யாருக்கும் தெரியாமல் பிட்டரிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பலகையில் பையை வைத்தேன். அவர் முடிச்சை அவிழ்த்தார். ஒன்றை எடுத்து வாயைச் சுற்றி நகத்தை ஓட்டினார். இன்னொன்று. இன்னொன்று. பிறகு, எனக்குத் தெரிந்து ஒருபோதும் சத்தம் போடாத அந்த மனிதர், பட்டறை முழுக்கக் கேட்க, "எக்கா! நல்லது! அம்புட்டும் நல்லது!" என்று கத்திவிட்டார்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். முதலாளி முதலில் வந்தார்.

"இது எங்க இருந்துது?" என்றார் முதலாளி.

"அதான், எங்க இருந்துது எக்கா?" என்றார் பிட்டரும். அவர் முகத்தில் பண்டிகை நாள் மாதிரிச் சந்தோஷம்.

"எனக்க வீட்டுல."

"வீட்டுலயா?" முதலாளியின் குரல் தாழ்ந்துவிட்டது. கத்துவதைவிட அது பயமாக இருந்தது. "பித்தளை உனக்க வீட்டுக்கு எப்படிப் போச்சு?"

"வீட்டுல எங்க எக்கா? அடுக்களையிலயா?" என்று பிட்டர் குறுக்கே வந்தார்.

"துணிப்பெட்டியில."

"எத்தனை நாளா?"

"ஓய் பிட்டரே, நான் இங்க ஒண்ணு கேட்டுட்டு நிக்கேன்."

"முதலாளி, ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம்" என்று அவர் இரண்டு கைகளையும் கும்பிடுகிற மாதிரி சேர்த்தார். "அதே தகடு, அதே அச்சு, அதே நாளு. அக்காக்க வீட்டுலயும் மழைதான் பெஞ்சுது. அங்க வெடிக்கல்ல, ஷெட்டுல வெடிச்சுது. அப்பம் ஷெட்டுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கு? பால் பேரல் இருக்கு."

"பாலுல என்ன ஊத்துதீங்க?"

"பால் உறையாம இருக்கியதுக்கு அமோனியா. எல்லாவனும்தான் ஊத்துதான்."

பிட்டர் பலகையிலிருந்து வெடித்த மூடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். வெடிப்பின் ஓரத்தில் லேசாக நீலம் பூத்திருந்தது.

"நான் சின்னதுல குளச்சல்ல ஐஸ் கம்பெனியில வேலை பாத்தேன். அங்கயும் அமோனியாதான். ஒரு வால்வு, ஒரு நட்டு பித்தளையில போட விடமாட்டாவ. எல்லாம் இரும்பு. ஏன்னு கேட்டா, பித்தளையை அது திங்கும்னு மெக்கானிக் சொல்லுவாரு. நான் மறந்தே போனேன், பாருங்க."

எங்களுக்கெல்லாம் அந்த வாடை பழகிப்போன வாடை. குலசேகரத்தில் எந்தச் சந்தில் போனாலும் அடிக்கும். மூக்கைப் பொத்துவது வெளியூர்க்காரர்கள்தான். பெட்டிகளை அங்கே மாற்றும்போது ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

முதலாளி நம்பவில்லை. அவர் சொல்லித்தான் பெட்டிகள் அங்கே போயின, அதனால் நம்புவது கஷ்டம். பிட்டர் இரண்டு கண்ணாடிப் பரணி கொண்டுவரச் சொன்னார். நான் கொண்டுவந்த மூடிகளில் ஆறை ஒன்றிலும் ஆறை மற்றதிலும் வைத்தார். ஒன்றில் அமோனியாவில் நனைத்த துணி, மூடியில் படாமல். மற்றதில் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணி. இரண்டையும் இறுக மூடி முதலாளியின் மேசையில் வைத்தார்.

சனிக்கிழமை காலையில் முதலாளி அறைக்குள் நாங்கள் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். தண்ணீர்ப் பரணியில் ஆறும் வைத்தது வைத்தபடி. அமோனியாப் பரணியில் ஐந்து வெடித்திருந்தன. ஆறாவது, ரோசம்மா குனிந்து பார்க்கும்போது, 'டிக்' என்றது. "என் மாதாவே" என்று அவள் பின்னால் சாடினாள்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். பரணியை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "அது செரி" என்றார். "ஆனா வீட்டுக்குக் கொண்டுபோனது தப்புதானே ஓய்?"



"தப்புதான்" என்றார் பிட்டர். அவர் மேலே சொன்னார். "இந்தப் பெட்டிகளுக்கு முந்தி நாலாம் நம்பர் சீட்டுல எந்தப் பெட்டியாவது திரும்பி வந்திருக்கா முதலாளி?"

முதலாளி யோசித்தார். நேர்மையான ஆள், பொய் சொல்லவில்லை.

"இல்ல."

"ஒண்ணுகூட?"

"இல்லேன்னு சொல்லுதேன்லா." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "வேலை முடியல்லேன்னா வாயைத் தொறந்து சொல்லணும். திங்கக்கிழமை நேரத்தோட வா."

அவ்வளவுதான். வெளியே வந்து ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதோடு பிட்டர் விடவில்லை. மூடிகள் வெடிப்பதற்கு அமோனியா பாதிக் காரணம்தான், மீதி அந்தக் கடைசி இழுப்பின் விறைப்பு என்றார். அந்த விறைப்பை இளக்கிவிட்டால் வழியில் எந்தக் காற்று பட்டாலும் பயமில்லை. எங்கள் அடுப்பு இதற்குச் சூடு கூடுதல், மூடி மெழுகாகிவிடும். ஜங்ஷனில் ரொட்டி சுடுகிற போறணைக்குப் போனார். ரொட்டியை எடுத்த பிறகு மீதி இருக்கிற சூடு போதும் என்று ஒரு மணி நேரம் தட்டில் பரப்பி வைத்தார்.

"ஓய், எனக்க போறணையில இது என்ன பணியாரம்?" என்றார் பேக்கரிக்காரர்.

"கல்ஃபுக்காரன் திங்கியது" என்றார் பிட்டர்.

வெந்த மூடிகளையும் வேகாத மூடிகளையும் மறுபடி அமோனியாப் பரணிக்குள் சேர்த்து வைத்தார். வேகாதது வெடித்தது. வெந்தது நின்றது. பிறகு பெட்டிகள் பால் ஷெட்டுப் பக்கமே போகவில்லை. பட்டறைக் கூரைக்கும் ஓடு மாற்றினார்கள்.

போறணையில் வெந்த முதல் சரக்கு கொச்சிக்குப் போய் ஒரு மாதம் ஆனபோது போன் வந்தது. ஒரு மூடியும் வெடிக்கவில்லை, அடுத்த சரக்கு எப்போது என்று கேட்டார்கள். முதலாளி அதைப் பட்டறைக்கு வந்து எல்லோருக்கும் சொன்னார். அன்று மதியம் ரோசம்மா கொண்டுவந்த மரச்சீனியும் மீன்கறியும் முக்கால்வாசி நான் தின்றேன். அவள் மீதியையும் என் பக்கம் தள்ளினாள்.

பிட்டருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் வரவில்லை. அன்று கை கழுவுகிற இடத்தில் அவர் தனியாக நின்றார். எப்படியோ பக்கத்தில் போய் நானும் சோப்பை எடுத்தேன்.

"பிட்டரே, நீங்க இல்லேன்னா எனக்க வேலை போயிருக்கும்."

அவர் சோப்பு நுரையோடு நிமிர்ந்தார்.

"எக்கா, நீங்க அந்தப் பையைக் கொண்டுவரல்லேன்னா எனக்க வேலை போயிருக்கும். அச்சு செஞ்சது யாராக்கும்? அந்தச் சனிக்கிழமை எனக்கும் சேத்துத்தான். என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாரு, ஆம்பிளைக்கு எல்லாவரு முன்னாலயும் சொல்லப்பிடாதுன்னு."

"உங்களுக்குமா?"

"பின்னே? மூணு நாளு எனக்கு ஒறக்கம் இல்ல. வீட்டுல சொல்லவும் இல்ல. வியாழக்கிழமை எனக்க பொம்பளை, மீன்ல உப்பு இல்லியான்னு கேக்கா, எனக்கு மீன் தின்னதே ஓர்மை இல்ல. நீங்க பையை வச்சப்பம் நான் கத்தினேன் பாத்தேளா, அது மூடிக்காகவா கத்தினேன்?"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத்தான் எனக்குப் பழக்கம். அன்று என் இரண்டு கையிலும் சோப்பு, பொத்தாமலே சிரித்தேன்.